தழைச்சத்து இல்லாத மணலில் சவுக்கு: மரபணு எவ்வளவு, மண் எவ்வளவு?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மாவட்டத்தில் கடலோர மணல் நிலம் 2 ஏக்கர். மண் பரிசோதனை அட்டையில் தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) எதிரே 'குறைவு' என்று போட்டிருக்கிறது. சவுக்கு நாற்று விற்பவர் ஒருவர், "இந்தக் குளோனில் தழைச்சத்து இல்லாமலே வளரும் ஜீன் இருக்கிறது, யூரியா மூட்டையைத் தொடவே வேண்டாம்" என்று சொல்லி, விதை நாற்றைவிடக் கூடுதல் விலை கேட்கிறார். (குளோன் என்பது ஒரே தாய்மரத்தின் போத்துகளை வேர்விட வைத்து எடுத்த நாற்று.) அப்படி ஒரு ஜீன் உண்டா, உண்டென்றால் அதைத் தேக்குக்கும் தைல மரத்துக்கும் ஏன் யாரும் வைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதுதான் உங்களுக்கு உள்ளபடி தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். அப்படி ஒற்றை மரபணு கிடையாது. சவுக்கு வெறும் மணலில் வளர்வதற்குக் காரணம் அதன் மரபணுக்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவை எல்லாச் சவுக்கிலும் இருக்கின்றன. மலிவான விதை நாற்றிலும் உண்டு, விலை கூடின குளோனிலும் உண்டு. அவை வேலை செய்ய வேண்டுமானால் வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் வந்து குடியேற வேண்டும். குளோனில் நீங்கள் வாங்குவது வேறு ஒரு விஷயம்: வளர்ச்சி வேகம், நேரான தண்டு, வயல் முழுக்க ஒரே சீரான மரம். அதற்குப் பணம் கொடுப்பது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் 'யூரியா வேண்டாம்' என்பது அந்தக் குளோனின் தனிச்சொத்து அல்ல.

அட்டையில் இருக்கும் 'குறைவு' என்ற சொல்லை வைத்துப் பதற வேண்டாம். நம் ஆய்வுக் கூடங்களில் தழைச்சத்தைப் பெரும்பாலும் காரப் பெர்மாங்கனேட் முறையில் அளக்கிறார்கள். மண்ணில் உள்ள அங்ககப் பொருளில் எளிதில் சிதையக்கூடிய பங்கு எவ்வளவு தழைச்சத்தை விடும் என்பதற்கான தோராயம் அது. எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 113 கிலோவுக்குக் கீழே வந்தால் 'குறைவு' என்று எழுதுவார்கள். வெயிலில் அங்ககப் பொருள் வேகமாக எரிந்துபோகும் நம் நிலங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழும். அதனால் அந்த ஒரு சொல் உங்கள் நிலத்தை அடுத்த நிலத்திலிருந்து பிரித்துக் காட்டாது. அதே அட்டையில் இன்னும் இரண்டு எண்களைப் பாருங்கள்: அங்ககக் கரிமம் எத்தனை விழுக்காடு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு. சவுக்கைப் பொறுத்தவரை இரண்டாவது எண்தான் உங்களுக்கு முக்கியம். ஏன் என்று கீழே வருகிறது.

மரம் தழைச்சத்துப் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழிகள் நாலு. மண்ணில் இருக்கும் கொஞ்சத்தையும் விடாமல் உறிஞ்சுவது. உறிஞ்சியதைக் கொண்டு அதிகக் கட்டை வளர்ப்பது. உதிரப்போகும் இலையிலிருந்து அதைத் திரும்ப இழுத்துக்கொள்வது. நாலாவது, காற்றில் 78 விழுக்காடு கிடக்கும் நைட்ரஜனை எடுத்துத் தரும் ஒரு கூட்டாளியை வேரில் வைத்துக்கொள்வது. முதல் மூன்றும் எல்லா மரங்களுக்கும் பொது. நாலாவது சில குடும்பங்களுக்கு மட்டும் வாய்த்தது. ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி மரபணுக் கூட்டம் இருக்கிறது. 'அந்த ஜீன்' என்று ஒருமையில் பேசும்போதே இடறிவிடுகிறோம்.

உறிஞ்சுவதைப் பற்றி நமக்குத் திட்டவட்டமாகத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியிலிருந்து வந்தது. வேர்ச் செல்லின் சவ்வில் நைட்ரேட்டை உள்ளே விடும் புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று நைட்ரேட் ஏராளமாக இருக்கும்போது ஒரு மாதிரியும், அருகிப்போனால் அதன் ஓர் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள, இறுக்கிப் பிடிக்கும் இன்னொரு மாதிரியும் வேலை செய்கிறது. அதுவே மண்ணில் நைட்ரேட் எவ்வளவு என்று செடிக்குச் சொல்லும் உணரியும் கூட. ஒரு பக்க வேருக்குப் பட்டினி என்றால் அந்த வேர் ஒரு சின்னப் புரதத் துண்டை மேலே இலைக்கு அனுப்பும். இலை பதிலுக்கு வேறொரு செய்தியைக் கீழே அனுப்ப, சத்து கிடைக்கும் மறுபக்க வேர் கூடுதலாக உறிஞ்சத் தொடங்கும். ஒரு வீட்டில் ஒருவர் வேலை போனால் மற்றவர் கூடுதல் நேரம் பார்ப்பது போலத்தான். கூடவே, வேரிலிருந்து மேலே போகும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி குறைந்துவிடும். இலை சிறுக்கும், வேர் நீளும். நிலத்தில் நாம் பார்க்கும் 'மேலே வளராமல் நிற்கும்' கன்று பல நேரம் உள்ளே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

மரத்தில் இதே கதை அப்படியே நடக்கிறதா என்பதில்தான் கவனம் வேண்டும். 2006-இல் பாப்லர் மரத்தின் மரபணுத் தொகுப்பு வெளிவந்தது. முழுதாகப் படிக்கப்பட்ட முதல் மரம் அதுதான். அதற்குப் பிறகு, சிறு செடியில் இருக்கும் உறிஞ்சும் புரதங்களின் உறவினர்கள் மரத்திலும் இருப்பது உறுதியாகிவிட்டது. ஆனால் மரத்துக்குச் செடிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: கிடங்கு. இலையுதிர் காலத்தில் பாப்லர் தன் இலையின் தழைச்சத்தில் பெரும்பங்கைத் திரும்ப இழுத்து, பட்டைக்குள் தனிப் புரதமாகச் சேர்த்து வைத்து, வசந்தத்தில் தளிருக்கு எடுத்துக் கொடுக்கிறது. இலையில் இருக்கும் தழைச்சத்தில் கணிசமான பங்கு ரூபிஸ்கோ என்ற ஒரே புரதத்தில், அதாவது கரியமில வாயுவைப் பிடிக்கும் புரதத்தில் முடங்கியிருப்பதால் இந்தத் திரும்ப எடுக்கும் திறமை பெரிய விஷயம். 3 மாதத்தில் முடியும் செடியில் செய்த சோதனையை 4 ஆண்டு நிற்கும் மரத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இந்தக் கிடங்கு ஒன்றே போதும்.

இதற்கு நல்ல சான்றாக இரண்டு சோதனைகளைச் சொல்ல வேண்டும். குளுட்டமின் சிந்தடேஸ் என்ற நொதி, செல்லுக்குள் வரும் அம்மோனியத்தைப் பிடித்து அமினோ அமிலமாக்கும் முதல் படி. பைன் மரத்தின் அந்த நொதிக்கான மரபணுவைக் கலப்பினப் பாப்லரில் புகுத்தி, அதிகமாக வேலை செய்ய வைத்தார்கள். தொட்டியிலும் நன்றாக வளர்ந்தது. பிறகு நிலத்தில் நட்டு 3 ஆண்டு பார்த்தபோதும் சாதாரண மரத்தைவிட உயரமாக நின்றது. இது ஒரு வெற்றி. அடுத்தது, மக்காச்சோளத்தின் டாஃப்1 என்ற மரபணு. இது பல மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடும் ஒரு மேஸ்திரி மரபணு. 2004-இல் இதை அரபிடாப்சிஸில் வைத்தபோது தழைச்சத்துக் குறைந்த ஊடகத்தில் செடி மேலாக வளர்ந்தது. பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. அதே மரபணுவைப் பாப்லரில் வைத்து, குறைந்த தழைச்சத்தில் வளர்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்: வளர்ச்சியிலும் முன்னேற்றம் இல்லை, தழைச்சத்தைச் சேர்ப்பதிலும் முன்னேற்றம் இல்லை. அதே ஆண்டில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாப்லர் வேர்களைத் தழைச்சத்து இல்லாமல் வைத்து, மணிக்கணக்கில் எந்தெந்த மரபணு எழுகிறது என்று பார்த்தபோது, தெரிந்தது ஒரு படிநிலை வலைப்பின்னல். மேலே சில மேஸ்திரிகள், கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள். மேஸ்திரி ஒருவரை மாற்றினால் வேர் கூடுவதுண்டு. அந்த வேர் வயலில் கட்டை எடையாக மாறுமா என்பது தனிக் கேள்வி, அதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

இப்போது உங்கள் குளோனுக்கு வருவோம். இந்தியாவில் வணிகமாகப் பயிரிட அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டுமே. மரம் எதுவும் இல்லை. எனவே உங்களுக்கு விற்கப்படுவது மரபணு புகுத்திய மரமாக இருக்க வழியில்லை. அது தேர்ந்தெடுத்த மரம் அல்லது கலப்பின மரத்தின் போத்தை வேர்விட வைத்த நாற்று. இந்தியாவில் வளர்வது பெரும்பாலும் இரண்டு இனங்கள்: கடலோரத்துக்கே உரிய நம் பழைய சவுக்கு ஒன்று, ஜாவா, திமோர் மலைப்பகுதிகளிலிருந்து வந்த ஜுங்குனியானா என்ற சவுக்கு மற்றொன்று. கோவையில் 1988-இல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் இந்த இரண்டிலும், இரண்டின் கலப்பிலும் குளோன்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டிருக்கிறது. அந்தத் தேர்வு எதைப் பார்த்து நடந்தது? உயரம், பருமன், நேரான தண்டு, நோய் தாங்குதல். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிறுசிறு பங்கு தரும் ஏராளமான மரபணுக்கள் இருக்கின்றன. பாப்லரிலும் தைல மரத்திலும் வளர்ச்சிக்கான மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்று தேடியவர்கள் கண்டதும் அதுதான்: பெரிய தலைவர் என்று யாரும் இல்லை, ஊரே கூடி இழுக்கும் தேர்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்து வயலிலேயே பாதி வழக்கைத் தீர்த்துவிடலாம். ஒரு குளோனின் நாற்றுகள் எல்லாம் மரபணுவில் ஒன்றேபோல இருப்பவை. எனவே ஒரே குளோன் வயலில், ஒரே நாளில் நட்டதில், ஒரு மரம் 3 மீட்டரும் பக்கத்து மரம் ஒன்றரை மீட்டரும் இருந்தால் அது மரபணுவின் வேலை இல்லை. மண், தண்ணீர், நாற்றின் தரம், வேரில் முடிச்சு வந்ததா இல்லையா, இவற்றில் ஏதோ ஒன்று. விதை நாற்று வயலில் இப்படி முடிவு கட்ட முடியாது; அங்கே ஒவ்வொரு மரமும் ஒரு தனி ஆள். குளோன் வயலில் 'ஜீன் சரியில்லை' என்று புகார் சொல்பவர்கள், முதலில் குட்டையான மரத்தையும் உயரமான மரத்தையும் அடுத்தடுத்துத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

தோண்டும்போது பார்க்க வேண்டியது இது. ஓராண்டுக் கன்றின் அடியிலிருந்து ஓரடி தள்ளி, அரை அடி முதல் முக்கால் அடி ஆழத்தில், கடப்பாரையைத் தவிர்த்துக் களைக்கொத்தால் மெல்ல மணலை ஒதுக்குங்கள். மெல்லிய வேரின் பக்கவாட்டில் பவளப்பூச்சி கட்டிய புற்றைப் போல, குட்டைக் குட்டை விரல்கள் கூடிய ஒரு கொத்து ஒட்டியிருக்கும். சின்னதில் மிளகு அளவு, பெரிதில் எலுமிச்சையைத் தொடும். சவுக்கு முடிச்சின் தனி அடையாளம் ஒன்று உண்டு: ஒவ்வொரு விரலின் நுனியிலிருந்தும் ஒரு நூல்போன்ற வேர் கிளம்பி, மற்ற வேர்களைப் போலக் கீழே போகாமல் மேல்நோக்கி வளரும். பார்த்துவிட்டால் மறக்க முடியாது. இளம் விரல் வெளிர்ப் பழுப்பாக, நகத்தால் கிள்ளினால் உறுதியாக, உள்ளே வெளுத்து ஈரமாக இருக்கும். கறுத்து, உள்ளே பொந்தாகி, கிள்ளினால் தூளாகிறதென்றால் அது செத்த முடிச்சு. நூற்புழு தாக்கிய வேரிலும் வீக்கம் வரும், அதை முடிச்சு என்று எண்ணி ஏமாறக் கூடாது. நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்திருக்கும், தனியாகப் பிய்த்தெடுக்க முடியாது. ஃபிராங்கியா முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் கழன்று வரும்.

அந்த முடிச்சை உண்டாக்குவது யார் என்பதில்தான் மரபணுக்களின் பெரும் பங்கு வெளிப்படுகிறது. மரத்தின் வேர்த்தூவி சுருண்டு ஃபிராங்கியாவை உள்ளே விடுகிறது. அந்தக் கதவைத் திறப்பது மரத்தின் மரபணுக்கள். கிளாக்கா என்ற ஆஸ்திரேலியச் சவுக்கில் 2008-இல் செய்த ஆய்வில் சிம்ஆர்கே என்ற ஒரு மரபணுவை அடக்கிவைத்தபோது முடிச்சு பெரிதும் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், வேரில் வாழும் மைக்கோரைசா பூஞ்சையும் கூடவே குறைந்தது. அதாவது, பூஞ்சைக்காகக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவைத்த வாசலைத்தான் ஃபிராங்கியாவும் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கு அடுத்து வருவது நின் என்ற மரபணு. 'முடிச்சின் தொடக்கம்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. நம் பழைய 'நின்' அல்ல. இது எழாவிட்டால் முடிச்சே தொடங்காது. உளுந்து, நிலக்கடலை போன்ற பயறுவகைகளிலும் இதே நின்தான் ரைசோபியம் என்ற வேறொரு நுண்ணுயிருக்காக வேலை செய்கிறது. நுண்ணுயிர் வேறு, வாசல் ஒன்றுதான்.

உள்ளே வந்தபின் நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை ஃபிராங்கியாவின் சொந்த மரபணுக்களுடையது. இரும்பும் மாலிப்டினமும் கொண்ட நைட்ரஜனேஸ் நொதி ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி செலவழிக்கிறது. செல்லின் ஆற்றல் நாணயம் ஏடிபி. இந்தச் செலவு முழுவதும் மரம் இலையில் சமைத்த சர்க்கரையிலிருந்து வருகிறது. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும் என்பதால், சவுக்கு தன் முடிச்சின் செல்சுவரைத் தடித்து இறுக்கி ஆக்சிஜனை மட்டுப்படுத்துகிறது. நம் ரத்தத்தில் இருப்பதன் உறவுக்கார ஹீமோகுளோபினையும் அங்கே வைத்திருக்கிறது. சும்மா கிடைக்கும் உரம் என்று இதைச் சொல்வது சரியில்லை. மரம் விலை கொடுத்து வாங்கும் உரம் இது. அதனால்தான் மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் மரமே முடிச்சை நிறுத்திவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கும்போது வீட்டில் ஏன் அரைக்க வேண்டும்? நீங்கள் மாதாமாதம் யூரியா போட்டால் நடப்பது இதுதான். அதோடு, காரத் தன்மையுள்ள கடலோர மணலில் மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். மீதி நைட்ரேட்டாகி அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும். முடிச்சும் போய், உரமும் போய், இரட்டை நட்டம்.

வயலில் முடிச்சு வராமல் போவதற்கான காரணங்களை, நான் அடிக்கடி நிகழக்கூடியவை என்று கருதும் வரிசையில் சொல்கிறேன். முதலாவது, ஃபிராங்கியாவே இல்லாமை. சவுக்கு பல ஆண்டு நின்ற கடலோர நிலத்தில் அது மண்ணிலேயே இருக்கும். புதிதாகச் சவுக்குக்குத் திருப்பிய செம்மண் மேட்டிலோ, தேங்காய்நார்க் கழிவில் குழல்தட்டுகளில் வளர்த்த போத்து நாற்றிலோ அது இருக்குமென்று நம்ப முடியாது. குளோன் நாற்றுக்கு இந்த ஆபத்து விதை நாற்றைவிடக் கூடுதல், ஏனென்றால் அது சுத்தமான ஊடகத்தில் பிறந்தது. 'ஜீன்' என்று விலை கொடுத்து, முடிச்சு இல்லாத கன்றை வாங்கி வருவது இப்படித்தான் நடக்கிறது. இரண்டாவது, மணிச்சத்துக் குறைவு. முடிச்சில் ஏடிபி செலவு என்றேன். ஏடிபியில் இருக்கும் பி பாஸ்பேட்தான். மணிச்சத்து இல்லையென்றால் ஃபிராங்கியா இருந்தும் முடிச்சு சிறுத்துப்போகும். மூன்றாவது, வறட்சி, மேல்மணல் காய்ந்தால் முதலில் சாவது முடிச்சு. நாலாவது, நாற்றங்காலில் பூஞ்சைக்கொல்லியையும் யூரியாக் கரைசலையும் தாராளமாக ஊற்றியிருத்தல்.

மஞ்சளிப்பைப் பார்த்தவுடன் தழைச்சத்துக் குறை என்று முடிவு கட்டுவதும் பொதுவான தவறு. சவுக்கில் நாம் 'ஊசி' என்று சொல்வது இலை அல்ல, மெல்லிய பச்சைத் தண்டு. உண்மையான இலை அதன் கணுக்களில் செதில் அளவில் வளையமாக இருக்கும், நகத்தால் இழுத்தால் கணுக்கணுவாகக் கழலும். தழைச்சத்துக் குறைந்தால் மரம் பழைய ஊசியிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுக்கும், ஆகவே மஞ்சள் கீழிருந்து, உள்ளிருந்து தொடங்கும். நுனி மட்டும் வெளுத்து, கீழே பச்சையாக இருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகப்பட வேண்டும். கிளிஞ்சல் கலந்த கார மணலில் இது சகஜம். அங்கே யூரியா போட்டுப் பயனில்லை.

நாற்றில் முடிச்சு வர வைக்கச் செய்ய வேண்டியது கடினமானதும் அல்ல. நோயில்லாத, வேகமாக வளரும் 2 அல்லது 3 வயதுத் தோப்பிலிருந்து புதிய முடிச்சாக ஒரு 100 கிராம் எடுங்கள். ஓடும் தண்ணீரில் மணல் போகக் கழுவி, கறுத்தவற்றை நீக்கி, ஈரத்துணியில் சுற்றி அன்றே கொண்டுவந்து அம்மியிலோ உரலிலோ நசுக்கி, 10 லிட்டர் குளோரின் கலக்காத கிணற்று நீரில் கரைத்து, துணியில் வடித்து, நாற்றுப் பை ஒன்றுக்கு 20 மில்லி வேரருகே ஊற்றினால் 500 பைக்கு வரும். பையில் கன்று வேர்பிடித்து ஒரு மாதம் ஆனபின் செய்வது நல்லது. அதற்குப்பின் 6 வாரத்துக்கு யூரியாவும் பூஞ்சைக்கொல்லியும் கூடாது. 4 முதல் 8 வாரத்தில் பையைப் பிரித்து ஐந்தாறு கன்றுகளின் வேரைக் கழுவிப் பாருங்கள்; மிளகு அளவில் முடிச்சு தெரிய வேண்டும். இந்த முறையில் ஒரு குறை உண்டு: முடிச்சோடு நூற்புழுவும் வாடல் நோய்க் கிருமியும் வந்து சேரலாம். அதனால் வாடல் கண்ட தோப்புப் பக்கமே போகாதீர்கள். ஆய்வு நிறுவனங்கள் தரும் ஃபிராங்கியாக் கலவை கிடைத்தால் அதுவே மேல். நடும்போது குழியில் ஒரு கைப்பிடி, சுமார் 50 கிராம், சூப்பர் பாஸ்பேட்டை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, வேரில் நேராகப் படாமல் கீழே போட்டு மேலே மண் மூடி நடுங்கள். முடிச்சு வேலை செய்யத் தொடங்கும் வரை கன்றுக்குப் பசி இருக்கும். அதற்கு அந்தத் தொழுவுரம் போதும்.

இவ்வளவும் செய்தால் காற்றிலிருந்து எவ்வளவு தழைச்சத்து வரும்? செனகல் நாட்டுக் கடலோர மணற்குன்றுச் சவுக்குத் தோப்புகளில் ஆண்டுக்கு எக்டேருக்கு 40 முதல் 60 கிலோ என்ற அளவில் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதை அப்படியே உங்கள் நிலத்துக்கு எழுதிக்கொள்ள வேண்டாம். நைட்ரஜன் ஐசோடோப்பை (எடை வேறுபட்ட நைட்ரஜன் அணுவை) வைத்து அளக்கும் முறையில், பக்கத்தில் முடிச்சில்லாத எந்த மரத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். நெருக்கி நட்டு 3, 4 ஆண்டில் வெட்டும் நம் வழக்கத்துக்கும் அங்கே நெடுங்காலம் நிற்கும் குன்றுத் தோப்புக்கும் பொருத்தம் குறைவு. வெளியே போகும் கணக்கும் இருக்கிறது. கட்டையில் தழைச்சத்து எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் வெகு கீழே. ஊசியிலும் மிலாரிலும் (சிறு கிளைகளிலும்) அதைப் போலப் பல மடங்கு. நம்மூரில் கட்டை ஆலைக்குப் போகும், மிலார் அடுப்புக்கும் சூளைக்கும் போகும், வேர்க்கட்டையைத் தோண்டி விற்போம், உதிர்ந்த சருகையும் கூட்டி அள்ளிக்கொள்வோம். மரம் 4 ஆண்டு சேர்த்த தழைச்சத்தில் கணிசமான பகுதி அந்தச் சருகிலும் மிலாரிலும்தான் இருந்தது. அவற்றை நிலத்தில் விட்டால் இரண்டாவது நடவுக்குத் தெரியும்.

தேக்குக்கும் தைல மரத்துக்கும் ஏன் வைக்கவில்லை என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். முடிச்சு போடும் செடிகள் எல்லாம் நாலே நாலு வரிசைகளுக்குள் அடங்குகின்றன: பயறு, ஓக், வெள்ளரி, ரோஜா ஆகியவை சேர்ந்த வரிசைகள். சவுக்கு ஓக்கின் வரிசை. தேக்கும் தைல மரமும் இந்த நாலுக்கும் வெளியே. 2018-இல் பல செடிகளின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின: அந்த நாலு வரிசைக்குள்ளேயே முடிச்சு போடாத பல செடிகளில் நின் மரபணு தொலைந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. முடிச்சுத் திறமை பழங்காலத்தில் வந்து, பிறகு பலரிடம் தனித்தனியே போய்விட்டது என்பதுதான் இதற்கு இப்போது வலுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரே முறை வந்ததா, பல முறை வந்ததா என்ற விவாதம் ஓயவில்லை. தொலைத்தவர்கள் ஏன் தொலைத்தார்கள்? அந்தச் சர்க்கரைச் செலவு, நல்ல மண்ணில் சுமைதானே என்பது ஒரு நியாயமான ஊகம். எப்படியானாலும், நின்னை மட்டும் எடுத்துத் தேக்கில் செருகினால் முடிச்சு வராது. வாசல், முடிச்சின் உடல், ஆக்சிஜன் தடுப்பு, உணவு விநியோகம், வேண்டாதபோது நிறுத்தும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து வர வேண்டும். தானியப் பயிர்களில் இதற்காகப் பல ஆய்வுக் குழுக்கள் வேலை செய்கின்றன. மரத்தில் இதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக, விற்பவரிடம் என்ன கேட்பது. இந்தக் குளோனின் பெயர் என்ன, வெளியிட்டது யார், எந்த மண்ணில் சோதித்தார்கள், அந்தச் சோதனையில் உரம் போட்டார்களா? உரம் போட்ட வண்டலில் முதலிடம் பெற்ற குளோன் உரமில்லாத மணலில் நாலாம் இடத்துக்கு இறங்குவது மர இனப்பெருக்கத்தில் சாதாரணம். குறைவான சத்தில் தாக்குப்பிடிப்பது ஒரு குணம், கொடுத்த சத்துக்கு வேகமாகப் பதில் தருவது வேறொரு குணம். இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்தே இருக்கும் என்ற உறுதியில்லை. நாற்றில் முடிச்சு இருக்கிறதா என்று ஒரு பையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில்.

சந்தேகம் தீரவில்லையென்றால் 25 சென்ட் ஒதுக்குங்கள். அவருடைய குளோன், பெயர் தெரிந்த வேறொரு குளோன், சாதா விதை நாற்று என மூன்று. எல்லாவற்றுக்கும் ஃபிராங்கியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திக்கு யூரியா இல்லை. மற்றொன்றுக்குக் கன்றுக்கு 10 கிராம் வீதம் முதலாண்டில் 4 தவணை, ஈரம் உள்ளபோது மண்ணுக்குள் புதைத்து. இந்த 6 பாத்திகளையும் நிலத்தின் மூன்று பகுதிகளில் இடம் மாற்றி மாற்றி அமைத்தால் 18 பாத்தி. ஒரு பாத்தியில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 5க்கு 5 என்று 25 மரம். மொத்தம் 450 மரம், சரியாக 25 சென்ட் பிடிக்கும். அளக்கும்போது ஓர வரிசையை விட்டுவிட்டு நடுவில் உள்ள 9 மரங்களை மட்டும் அளங்கள். ஓர மரத்துக்கு வெளிச்சமும் வேர் இடமும் கூடுதல், கூடவே பக்கத்துப் பாத்தி யூரியாவையும் அது திருடும். 6, 12, 24 மாதத்தில் உயரமும் அடித்தண்டின் விட்டமும் குறித்து, விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி அதை உயரத்தால் பெருக்கினால் கட்டை அளவுக்கு ஒப்பான ஒரு எண் கிடைக்கும். யூரியா இல்லாத பாத்தியில் அவருடைய குளோன் மூன்று இடத்திலும் முந்தினால் அவர் சொன்னதில் பாதி உண்மை, பணத்தைக் கொடுக்கலாம். யூரியா போட்ட இடத்தில் மட்டும் முந்தினால் அது உரத்துக்கு வளரும் குளோன், உங்கள் மணலுக்கு ஆகாது. 6 மாத எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்; அது பெரும்பாலும் நாற்றின் பருமனைத்தான் காட்டும். 24 மாதத்து எண் வரும்வரை மீதி நிலத்தில் முடிச்சு பிடித்த சாதா நாற்றையே நடலாம்.